நாலு புள்ளி எழுத்து

ஆமர் வீதியில், ரயர்க் கடைக்கு மேல்மாடி.
எங்கள் அச்சகத்தில்
உணவுப் பொதிகளுக்குத் தமிழ் எழுதுகிறவள் நான்.
சிங்களம் சந்தமாலி.
ஆங்கிலம் கம்பனியிலிருந்தே வரும்,
இஸ்திரி போட்ட சட்டையோடு.

மிச்ச இடத்தில்தான் நாங்கள்:
பார்கோடுக்கும் காலாவதித் திகதிக்கும் நடுவே,
நெரிசல் பஸ்ஸில் ஒற்றைக் காலூன்றி நிற்பதுபோல்
என் மொழி நிற்கும்,
நாலு புள்ளி அளவில்.

பதினொரு வருடமாய்ச் சீனிக்கு நான் எழுதிய பெயர்கள்
டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் பாகு,
மோல்ட் சாறு, சோளப் பாகு,
பழச்சாற்றுச் செறிவு என்றொரு கோவில் பட்டுச்சேலை.
ஒரே ஆள்
வங்கிக்கொரு பெயரில் கணக்கு வைத்திருந்தார்.
கெச்சப்பில் இருந்தார், பணிஸில் இருந்தார்,
மீன் டின்னின் தக்காளிக் குழம்பில்,
உப்பு பிஸ்கட்டின் உப்புக்குக் கீழே
மூச்சுக் காட்டாமல் இருந்தார்.

ஒருநாளும் நான் பொய் எழுதவில்லை.
எல்லாம் சரியான கலைச்சொல்.

வீட்டில் கண்டிப்பானவள்.
தேத்தண்ணிக்கு அரைக் கரண்டி, அதற்கு மேல் இல்லை.
கடையில் "சீனி குறைச்சு" என்று சொல்லும்போது
என்மேல் எனக்கே ஒரு சின்ன மரியாதை வரும்.
காலையில் கொழுப்பு நீக்கிய பழ யோகட்,
பத்து மணிக்குத் தானிய பிஸ்கட்,
பின்னேரம் வெள்ளவத்தையில் இறங்கியதும்
பெட்டியில் அடைத்த மாதுளைச் சாறு.
பழம்தானே.

மார்ச்சில் எழுத்துகள் கலங்கின.
முதலில் ணகரமும் னகரமும் ஒன்றாயின,
பிறகு சுழிகள் எல்லாம்
வெயிலில் விட்ட ரொபிபோல் உருகி ஒட்டின.
இரவில் மூன்று தரம் எழும்பினேன்.
போத்தல் போத்தலாய்க் குடித்தும் நாக்கு வறண்டது.
வேலை கூட, வயதும் நாற்பத்திநாலு,
கண்ணாடிதான் பிழை என்று
கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

மிஃப்ராஸ் என்ற பெடியன்
வில்லைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.
"போன கிழமை ஒரு நம்பர், இன்டைக்கி ஒரு நம்பர்.
மிஸ், இப்ப கண்ணாடி செய்யாதீங்க.
முதல்ல பிளட்டப் பாருங்க."

விற்க உட்கார்ந்தவன் விற்க மறுத்ததை
இந்த நகரத்தில் அன்றுதான் கண்டேன்.

வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு.
அந்த அறிக்கையை மட்டும்
பன்னிரண்டு புள்ளியில் அடித்திருந்தார்கள்.

கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் ஒரு திறீவீல்காரர்.
ஒரு காலில் செருப்பு, மற்றதில் வெள்ளைக் கட்டு.
சுடுதண்ணி பட்டதே தெரியவில்லையாம்,
கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம்.
"இனிப்பே தொடுறதில்ல, தங்கச்சி.
பிளேன்டீயும் சும்மாதான்."
நம்பினேன்.
அவர் கையில் ஒரு மோல்ட் பானப் பெட்டி,
உறிஞ்சு குழாய் குத்தியபடி.
அது என் வேலை; பச்சை நிறத்தில் தெரிந்தது.
என் வரியைத் தேடினேன்.
கண்ணுக்கு அருகில் பிடித்தேன், தள்ளிப் பிடித்தேன்.
எறும்புகள் போயின.
நான் எழுதியதை
என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

திங்கள் காலை குழந்தை ரஸ்க் ஒன்று வந்தது.
முன்பக்கம் பெரிய எழுத்தில் "சீனி சேர்க்கப்படாதது".
பின்பக்கம் பேரீச்சம் பாகு,
ஆப்பிள் சாற்றுச் செறிவு,
வழக்கமான ஆட்கள்.
தமிழை ஆறு புள்ளிக்கு ஏற்றினேன்.
சந்தமாலி எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஏற்றினாள்.
பார்கோடு கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தது.

மத்தியானமே பதில் வந்தது கம்பனியிலிருந்து:
"தமிழ் பெரிதாகத் தெரிகிறது. குறைக்கவும்."

இந்த நாட்டில் இதை எத்தனை தரம் கேட்டாயிற்று.
அப்போதெல்லாம் கோபம் வந்தது.
இப்போது, பத்து மாதப் பிள்ளை ஒன்று
ஈறால் ரஸ்க் கடிப்பது கண்ணில் வந்தது.

ஐந்தில் நிறுத்தி அனுப்பியிருக்கிறேன்.
பார்ப்போம்.

மேசையில் வெறும் பிளேன்டீ ஆறுகிறது.
நாலாவது நாள். இன்னும் கசக்கிறது.